முப்பதில் ஒரு பிள்ளை

ஏட்டளவில் ஊரப்பாக்கம் பல காலமாகக் கிராம ஊராட்சி; காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. நேரில் வந்து பார்க்கிறவர் அதை நம்பமாட்டார். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையும் செங்கல்பட்டு மின்ரயில் பாதையும் பக்கம்பக்கமாகப் போகும் அந்த நீளம் முழுக்க அடுக்குமாடிகளாலும் அடுக்குமாடி விளம்பரங்களாலும் நிறைந்துவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்த பிறகு மிச்சமிருந்த காலி மனைகளுக்கும் விலை ஏறிவிட்டது. இங்கே குடிவந்தவர்களில் பலர் சைதாப்பேட்டையிலோ குரோம்பேட்டையிலோ வாடகை கொடுத்து அலுத்து, இருபது வருடக் கடனில் இரண்டு படுக்கையறை வாங்கியவர்கள். வாங்குமுன் எல்லாம் விசாரித்தோம். போர் எத்தனை அடி, பட்டா யார் பெயரில், 2015 மழையில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, ரயிலடிக்கு நடந்தால் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டோம். "பக்கத்துலயே நாலஞ்சு இருக்கு சார்" என்றார் பில்டரின் ஆள். அவர் சொன்னவற்றில் பிற்பாடு முழுதும் உண்மையாக நின்றது அது ஒன்றுதான்.

அந்த நாலைந்தும் சிறிய தனியார் பள்ளிகள். எல்கேஜியில் தொடங்கிப் பத்தாம் வகுப்போடு முடிகிறவை; வகுப்புக்கு ஒரு பிரிவு, மிஞ்சினால் இரண்டு. வீடு கட்டத் தொடங்கி நடுவில் மனம் மாறியதைப் போன்ற கட்டடம், மொட்டைமாடியில் தகர ஷெட், வாசலில் இரண்டு மஞ்சள் வேன்கள். கரஸ்பாண்டென்ட் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர். பிரின்சிபால் அவருடைய மனைவி அல்லது மருமகள். இந்தப் பள்ளிகளைத் தேடிப் போவதற்கு நம்மிடம் உள்ள காரணங்கள் மோசமானவை அல்ல. பிள்ளை ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டியதில்லை. காலை ஆறே முக்காலுக்கு பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்று, பாதித் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போக வேண்டியதில்லை. ஆறாயிரம் பிள்ளைகள் படிக்கிற வளாகத்தில் நம் பிள்ளை ஒரு அட்மிஷன் எண்ணாக இருக்கும். இங்கே வாட்ச்மேன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கட்டணமும் கைக்கு எட்டுகிறது. இவற்றில் எது முதற்காரணம் என்று கேட்டால் நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைச் சொல்வோம். வீட்டில் கணக்குப் போட்ட காகிதத்தில் கட்டணம்தான் முதல் வரியில் இருந்திருக்கும்.

இப்படி ஒருபக்கம் அரசுப் பள்ளி, மறுபக்கம் முழுக் கட்டணத் தனியார் பள்ளி என்று இரண்டே வழிகள் இருப்பதை இயற்கையான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்கிறோம். அது அப்படி இருந்ததில்லை. பழைய தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது வகை ஒன்று தெரியும்: தனியார் நடத்துவார்கள், ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும், பிள்ளைகள் அநேகமாகச் செலவில்லாமல் படிப்பார்கள். கிறித்தவச் சபைகளும் அறக்கட்டளைகளும் தொடங்கிய அந்த உதவி பெறும் பள்ளிகள்தான் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்தன. 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழ்நாடு சட்டம் செய்துகொண்டது. அதற்கு முன்பே நகரமாகிவிட்ட இடங்களுக்கு அந்த மூன்றாவது வகை கிடைத்தது; அதற்குப் பிறகு நகரமான ஊரப்பாக்கம் போன்ற இடங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு எப்படிப்பட்ட பள்ளி வாய்க்கும் என்பதில், அதன் பெற்றோர் எந்த ஆண்டில் எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்க முடிந்தது என்பதற்கு இவ்வளவு பங்கு இருக்கிறது. இதை நாம் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வது கொஞ்சம் கூடுதல்தான்.

சட்டம் இந்த ஊரை இன்னொரு விதத்திலும் தேடி வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் அடைத்து நடத்தப்பட்ட இடத்தில், சமையல்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக் கட்டடங்களை அரசு கவனிக்கத் தொடங்கியது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாது. அந்தக் காலத்தையொட்டியே அரசு அமைத்த சிட்டிபாபு குழுவின் பரிந்துரைப்படி நில அளவும் வந்தது: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் ஓர் ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். கிராமத்தில் நிலம் மலிவு, பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். மனையைச் சதுரஅடிக் கணக்கில் விற்கிற ஊரப்பாக்கம் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குக் கிராமம். மூன்று ஏக்கர் என்பது ஆறு கிரவுண்டைப்போல் ஒன்பது மடங்கு. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. அதன் எல்லை என்றைக்காவது இந்தப் பக்கம் நகர்ந்தால், ஒரு செங்கல்லும் அசையாமல், இடம் போதாத பள்ளி இடம் போதும் பள்ளியாகிவிடும். அதுவரை பழைய பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம். ஆண்டுக்காண்டு நீட்டித்து, தற்காலிகமாகவே ஒரு தலைமுறை படித்து முடித்துவிட்டது.

அலுவலக அறையில் அந்தச் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. நாம் யாரும் எழுந்து போய்த் தேதியைப் பார்ப்பதில்லை. வேனை மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. 2012 ஜூலை 25 அன்று, முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் போக்குவரத்து அலுவலர்கள் மைதானத்தில் வேன்களை வரிசையாக நிறுத்தி, கதவு, படிக்கட்டு, தரை என்று பார்க்கிறார்கள். ஒரு பேருந்தின் தரையில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதை விதியாக எழுத வேண்டிவந்தது நம் காலத்தில்தான். எழுதிய பிறகாவது பார்க்கிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

ஆனால் ஜனவரி தொடங்கி மே வரை இந்த அலுவலக அறைகளில் நடக்கும் பேச்சில் இவை எதுவும் வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, அம்மா. நடுவில் புதுச் சட்டையில் பிள்ளை. மேசைக்கு அந்தப் பக்கம் கரஸ்பாண்டென்ட். அவர் தலைக்குமேல் பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஆண்டுவாரியாக. ஆங்கிலத்தில் பேச வைப்பீர்களா, கம்ப்யூட்டர் உண்டா, இந்தி உண்டா, வேன் எங்கள் தெருவுக்குள் வருமா என்று விசாரித்துவிட்டு, முடிவில் அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு கேட்கிறார்: "டென்த்ல நூறு பர்சன்ட் ரிசல்ட்தானே சார்?" கரஸ்பாண்டென்ட் இதற்கு வாயால் பதில் சொல்வதில்லை. சுவரில் உள்ள பலகையைத் திரும்பிப் பார்க்கிறார். நாமும் பார்க்கிறோம். 100, 100, 100 என்று இறங்கிக்கொண்டே போகிறது.

அந்தப் பலகையில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளும் இருக்கும். கொரோனாவால் அந்த இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டார்கள். அந்த நூறும் மற்ற நூறுகளின் அளவிலேயே, அதே சிவப்புப் பெயின்டில் எழுதப்பட்டிருக்கிறது.

நூறு சதவீதம் என்ற கேள்வியை நாம் பெரிய பள்ளியிலும் கேட்கிறோம், சிறிய பள்ளியிலும் கேட்கிறோம். இரண்டு இடத்திலும் அது ஒரே கேள்வியாக இருப்பதில்லை என்பதைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். முந்நூறு பேர் பத்தாம் வகுப்பு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 99.67 சதவீதம்; அதை விளம்பரத்தில் 99.7 என்று போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நடக்கலாம். முப்பது பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 96.67. இருவர் தவறினால் 93.33. 2025இல் தமிழ்நாடு முழுவதுக்குமான பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். ஆக, முப்பதில் இரண்டு பிள்ளைகள் தடுக்கி விழுந்தால் அந்தப் பள்ளி மாநிலச் சராசரிக்குக் கீழே போய்விடுகிறது. மூவர் விழுந்தால் அடுத்த ஆண்டு எல்கேஜியில் எத்தனை பேர் சேர்வார்கள் என்ற கவலை வந்துவிடுகிறது. சிறிய பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகத் தெரியும் என்று நம்பித்தான் சேர்க்கிறோம். தெரியும் என்பது உண்மை. எந்தப் பிள்ளை அந்த மூன்று சதவீதம் என்பதும் அதே அக்கறையோடு தெரிந்திருக்கும்.

அது தெரியவரும் இடம் ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்பது தமிழ்நாடு பிடிவாதமாகக் காத்துவரும் நிலைப்பாடு. ஐந்திலும் எட்டிலும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில், 2020 பிப்ரவரியில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என்று வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது நல்ல நிலைப்பாடுதான். அதற்கு ஈடாக அந்த எட்டு ஆண்டுகளில் யார் எங்கே பின்தங்குகிறார் என்று பார்த்துக் கைதூக்கிவிட வேண்டும் என்ற மறுபாதியைத்தான் எல்லோரும் மற்றவர் பொறுப்பில் விட்டுவிட்டோம். கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்போடு கைகழுவிக்கொள்கிறது. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2013-14இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு குலுக்கலில் பெயர் வந்து எல்கேஜியில் உட்கார்ந்த குழந்தை 2023 ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும். அந்த ஜூனில் அதன் பெற்றோருக்கு முதன்முதலாகக் கட்டண ரசீது வந்திருக்கும். பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் யாருக்காக அரசு பணம் கட்டிக்கொண்டிருந்தது என்பது அன்றுவரை மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்திருந்தால், அன்று தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சில வீடுகளுக்கு போன் வரும். வரச் சொல்லும் குரலில் கடுமை இருக்காது. எல்லாம் பிள்ளையின் நன்மைக்காகவே பேசப்படும். "இவனுக்கு மேத்ஸ் கொஞ்சம் லோடு அதிகமா இருக்கு. இப்பவே வேற ஸ்கூல் பாத்துட்டீங்கன்னா டென்த்ல ஃப்ரீயா இருப்பான்" என்பார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் எளிதாக இருக்கும் என்பார்கள். சில இடங்களில் தனித்தேர்வராக எழுதட்டும், வகுப்புக்கு வழக்கம்போல் வரட்டும் என்று ஒரு யோசனையும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போவதற்குள் இந்தப் பள்ளி மாற்றம் முடிந்தாக வேண்டும் என்பதால், முழு ஆண்டுத் தேர்வுக்கும் ஜூனுக்கும் நடுவில் இது நடக்கிறது. மாற்றுச் சான்றிதழான டிசியில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று காரணம் எழுதப்படும். கையெழுத்தும் பெற்றோருடையதுதான். கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, அது வசூலுக்கான கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டிப்பாகச் சொன்னது. டிசியைக் கொடுக்காமல் வதைக்கிற பள்ளிகளைப் பற்றியது அந்தத் தீர்ப்பு. கேட்காமலே எடுத்து நீட்டுகிற பள்ளியைப் பற்றி வழக்குப் போட யாருக்கும் தோன்றியதில்லை. போனவர் தம் விருப்பத்தின் பேரில் அல்லவா போயிருக்கிறார்.

அப்படி டிசி வாங்கிய பிள்ளையை ஏதாவதொரு அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது, சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல அதற்கு வழியில்லை என்பதால். பதினொரு மாதத்தில் அங்கே அந்தப் பிள்ளைக்கு 'மெல்லக் கற்போர்' என்ற தலைப்பில் மாலை வகுப்பு நடத்தி, 35 வாங்க வைக்க ஓர் ஆசிரியர் பாடுபடுகிறார். சில சமயம் முடிகிறது, சில சமயம் முடிவதில்லை. முடியாதபோது அந்தத் தோல்வி அரசுப் பள்ளியின் சதவீதத்தில் ஏறுகிறது. மே மாதம் செய்தித்தாளில் அரசுப் பள்ளித் தேர்ச்சியையும் மெட்ரிக் பள்ளித் தேர்ச்சியையும் அடுத்தடுத்த வரியில் படித்துவிட்டு, நாம் சரியான இடத்தில்தான் சேர்த்திருக்கிறோம் என்று மடித்து வைக்கிறோம்.

இந்த எண் மோகத்தை அரசு கவனிக்காமல் இல்லை. 2017இல் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் பாடத்தை இரண்டு வருடம் ஓட்டிய பள்ளிகளை மடக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தது; 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. ரேங்க் நின்ற பிறகு பேனர்களில் சென்டம் எண்ணிக்கை வந்தது, மூன்று பாடத்தில் சென்டம், இரண்டு பாடத்தில் சென்டம் என்று பிரிவுகள் வந்தன. ஒரு விதத்தில் சமச்சீர்க் கல்வியே இந்த எண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டது. முன்பு மெட்ரிக் என்றால் வேறு பாடம், வேறு தேர்வு. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் உறுதிசெய்த பிறகு மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு. நியாயமான காரியம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புத்தகமும் தேர்வும் ஒன்றாகிவிட்டபோது, ஒரு தெருவில் உள்ள மூன்று சிறிய பள்ளிகள் தங்களை வேறுபடுத்திக் காட்ட என்ன மிச்சம் இருந்தது? யூனிஃபார்ம், ஆங்கிலம், சதவீதம். பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள மேல்நிலைப் பள்ளிக்குக் காட்ட இன்னொரு தேர்வு இருக்கிறது. பத்தோடு முடிகிற உயர்நிலைப் பள்ளிக்கு ஆயுளுக்கும் அந்த ஒரு தேர்வு. அதிலும் நன்றாக எழுதும் நாலைந்து பேரைப் பதினொன்றாம் வகுப்புக்குக் கட்டணச் சலுகை தருவதாகச் சொல்லிப் பெரிய பள்ளிகள் அழைத்துக்கொள்ளும்; இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் படம் அந்தப் பள்ளியின் பேனரில் வரும்.

ஒரு பிள்ளை எப்படி அந்த மூன்று சதவீதம் ஆகிறது என்பதை யோசித்தால் பேச்சு ஆசிரியையிடம் வந்து நிற்கிறது. இந்தப் பள்ளிகளை நடத்துவது உண்மையில் பெண்கள்தான். பி.எஸ்சி., பி.எட். முடித்து, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்து, எட்டேகாலுக்குள் வீட்டு வேலையை முடித்துவிட்டு நடந்தே வருகிற கணக்கு மிஸ். ஆறாம் வகுப்பிலிருந்து பத்துவரை கணக்கு முழுவதும் அவர் தலையில். சில நாள் அறிவியலும் சேரும். பல சிறிய பள்ளிகளில் அவருக்குக் கிடைக்கும் மாதச் சம்பளம், ஜவுளிக்கடை மாடியில் நின்று புடவை விரிக்கிற பெண்ணுக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் இல்லை. ஆனாலும் வருகிறார், ஏனென்றால் அவருடைய பெண் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் பாதிக் கட்டணத்திலோ கட்டணமில்லாமலோ படிக்கிறாள். மாலையில் இருவரும் ஒன்றாகத் திரும்பலாம். தன் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிள்ளையின் படிப்பாக வாங்கிக்கொள்கிற இந்த ஏற்பாடு எந்த ஏட்டிலும் இல்லை. நவம்பரில் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் நாலாயிரம் கூடக் கிடைக்கிறது என்றால் போகத்தான் செய்வார். போகாதே என்று சொல்ல நமக்கு முகம் இல்லை. ஜூனில் அலுவலக அறையில் உட்கார்ந்து, இரண்டாவது பிள்ளைக்கு கன்செஷன் கேட்டு ஐந்நூறு, ஐந்நூறாகக் குறைத்தவர்கள் நாம்.

2009இல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. வேண்டிய சட்டம்தான், அது இல்லாத காலத்தில் டொனேஷன் என்ற பெயரில் வீடு, நகை எல்லாம் போனதைப் பார்த்திருக்கிறோம். குழு நிர்ணயித்த தொகைக்கு ஒரு ரசீது, 'மற்றவை'க்கு ஒரு துண்டுச் சீட்டு என்று பழக்கமும் கூடவே வளர்ந்தது. குழுவிடம் காட்டும் சம்பளப் பட்டியலும் கையில் தரும் சம்பளமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை ஆசிரியைகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். நாமும் அறிவோம். நம் பிள்ளையைச் சொந்தப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியையிடம் எதிர்பார்க்கிறோம். அவருக்கு என்ன தருகிறார்கள் என்று கரஸ்பாண்டென்டிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று விட்டுவிடுகிறோம். நவம்பரில் ஒரு மிஸ் போய், டிசம்பரில் ஒருவர் வந்து, ஜனவரியில் அவரும் நின்று, பிப்ரவரியில் பிரின்சிபாலே இயற்கணிதம் நடத்திய வருடத்தில், முன்பே தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் முழுதாகக் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் போன் போகிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஏன் அங்கேயே போகிறோம் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. கணக்குப் பார்க்கத் தெரிந்த நாம் இதையும் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் நம்மில் பலர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். அங்கிருந்து இங்கே வந்ததையே முன்னேற்றம் என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டு, திரும்பிப் போவதை எந்தப் பெயரால் அழைப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். அதைவிட, இந்தச் சிறிய பள்ளிகளில் உண்மையிலேயே சில நல்ல காரியங்கள் நடக்கின்றன. மதியச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளையைக் கண்டுபிடிக்க இங்கே நிமிடம் ஆகாது. அப்பா இறந்துபோன பெண்ணின் இரண்டு டேர்ம் கட்டணத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்ட கரஸ்பாண்டென்ட்டை இந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். 2020இல் பெரிய பள்ளிகள் ஆன்லைன் கட்டணத்துக்கு நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது, கட்டச் சொல்ல வாயில்லாமல் மூடிப்போன சிறிய பள்ளிகளும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் போன் செய்கிறவரும் இதே மனிதராக இருக்கக்கூடும் என்பதுதான் யோசிக்க யோசிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அவரைக் கெட்டவர் என்று வைத்துக்கொண்டால் நமக்குச் சுலபம்.

தேர்வுத் துறை வெளியிடும் சதவீதம், எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. எழுத வேண்டியவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது அதில் வராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போது கல்வித் துறையின் எமிஸ் எண் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் இருந்தது, பத்தில் எங்கிருந்து எழுதியது என்று அரசின் கணினியில் கிடக்கிறது. யாரும் எடுத்துப் பார்த்துப் பலகையில் எழுதச் சொன்னதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், வழக்கமான கேள்விகள் முடிந்த பிறகு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எட்டாவதுல எத்தனை பேர் இருந்தாங்க சார் என்று கேட்டோம். கரஸ்பாண்டென்ட் கோபித்துக்கொள்ளவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"முப்பத்தாறு."

"இந்த வருஷம் டென்த் எழுதினது?"

"முப்பத்தொண்ணு." அவரே தொடர்ந்தார்: "ஒரு குடும்பம் கோயம்புத்தூர் போயிடுச்சு. ரெண்டு பேர் சிபிஎஸ்இ மாறிட்டாங்க. மீதி ரெண்டு பேர் அவங்களா டிசி கேட்டு வாங்கிட்டாங்க." அவங்களா என்ற சொல்லை நாங்கள் திருப்பிச் சொன்னோமா, எங்கள் முகம் சொல்லிற்றா, தெரியவில்லை. அவர் நோட்டை மூடினார். "சார், நான் அட்மிஷன் போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நூறு பர்சன்ட்டான்னு கேக்காத பேரன்ட் ஒருத்தர்கூட இந்த நாற்காலியில உக்காந்ததில்ல. தொண்ணூத்தேழுன்னு அந்தப் பலகையில எழுதியிருந்தா நீங்க உள்ளே வந்திருப்பீங்களா?"

வந்திருப்போம் என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் பையன் பக்கம் திரும்பி, மேத்ஸ்ல எவ்வளவு மார்க் தம்பி என்று அன்பாகவே கேட்டார். அவன் எங்களைப் பார்த்தான். அவன் அம்மா முழு ஆண்டுத் தேர்வின் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அரையாண்டின் மதிப்பெண்ணைச் சொன்னாள். அது எட்டு மார்க் அதிகம். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். விண்ணப்பம் முந்நூறு ரூபாய் என்றார். பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டோம்.